கிழிந்த பெட்டிகளின் டாக்டரம்மா

தராசை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்புகிறார். சிவப்பு எண்கள் எரியும் அதன் முகம் இப்போது அவரைப் பார்க்கவில்லை. ஆட்கள் நடக்கும் வழியைப் பார்க்கிறது. எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து, போகிறவர் வருகிறவர் கண்ணுக்கு எண் நன்றாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறார். திரும்பி வந்து மேல்சட்டைப் பையிலிருந்து தைல டப்பாவை எடுக்கிறார். சுண்டுவிரலால் ஒரு தொடல். மூக்குக்குக் கீழே மீசை வரைவதுபோல் ஓர் இழுப்பு. கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது. ஒரு தும்மல். மணி காலை ஏழு ஐந்து.

"சரி, கேஸை அனுப்பு" என்கிறார், பெல்ட்டின் மறுமுனையைப் பார்த்து.

முதல் கேஸ் வந்து சேர்கிறது. மூலை பிய்ந்து, வயிறு திறந்து, உள்ளிருக்கும் கம்பளிக் காலுறை ஒன்று வெளியே எட்டிப் பார்க்கும் ஓர் அட்டைப் பெட்டி.

நகரத்துப் பார்சல்கள் எல்லாம் வந்து, பிரிந்து, தெருத் தெருவாகக் கிளம்பும் கூடம் இது. மூன்று நீளமான பெல்ட்டுகள், லாரிகள் முதுகைக் காட்டி நிற்கும் இருபது கதவுகள், காதடைக்கும் உருளைச் சத்தம். இத்தனை பெட்டிகள் ஓடும் இடத்தில் சில விழும், சில நசுங்கும், சில மழையில் ஊறிப் பிய்ந்துபோகும். அவை எல்லாம் கூடத்தின் தெற்கு மூலையில் உள்ள ஒற்றை மேசைக்கு வரும். திறந்து, உள்ளே உள்ளதைச் சரிபார்த்து, துடைத்து, புதுப் பெட்டியில் அடுக்கி, ஒட்டி, மறுபடி பெல்ட்டில் ஏற்ற வேண்டும். மேசைக்கு அலுவலகத்தில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. கூடத்தில் எல்லாரும் சொல்வது 'ஆஸ்பத்திரி'. அதில் பதினாறு வருடம் நின்றவர், பிறகு இரண்டு வருடம் விலக்கப்பட்டு, பத்து நாளுக்கு முன் திரும்பி வந்திருப்பவர், டாக்டரம்மா.

வயது நாற்பத்தெட்டு. நல்ல உயரம், நல்ல அகலம். நடந்தால் தரை அவருக்கு வழிவிடுவதுபோல் இருக்கும். ஆனால் விரல்களைப் பார்த்தால் வேறு யாருடையவோ என்று தோன்றும், அவ்வளவு லேசு. டேப்பை இழுத்தால் சத்தம் வருவதில்லை. நடுவில் நீளமாக ஒன்று, இரண்டு ஓரங்களிலும் குறுக்கே ஒவ்வொன்று, நகத்தால் ஒரு தேய்ப்பு. காற்றுக் குமிழி ஒன்றுகூட நிற்காது. பெட்டியைப் பெற்றுக்கொள்கிறவருக்கு அது வழியில் செத்துப் பிழைத்த விவரமே தெரியாது.

"ஒட்டின இடம் கண்ணுக்குத் தெரிஞ்சா அது வைத்தியம் இல்ல" என்பது அவர் கட்சி. "கட்டுப் போட்டு அனுப்புறது யார் வேணா செய்வாங்க."

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு இங்கே 'கொம்பன்' என்று பெயர். வண்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகளால் வந்த பெயர். ஆளும் கொஞ்சம் முட்டுகிற ஆள்தான். அவர் மேசையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்றை எறிந்துவிட்டுப் போவார்.

"டாக்டரம்மா, இன்னைக்கு எத்தனை ஆபரேஷன்?"

"உன் வண்டி ஓடுற வரைக்கும் எனக்கு என்ன குறைச்சல்? பாதி கேஸ் நீ அனுப்பி வைக்கிறதுதானே."

இப்போது ஆண்டுக் கடைசி. ஊரே விடுமுறைக்குத் தயாராகி, ஒருவருக்கொருவர் இனிப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கூடத்தில் இதற்கு 'சர்க்கரை வாரம்' என்று பெயர். பெயருக்குத்தான் வாரம், பத்து நாள் நீளும். வருகிற பெட்டிகளில் பாதிக்குமேல் சாக்லேட், மிட்டாய், டாஃபி. ஆகவே கிழிகிற பெட்டிகளிலும் பாதிக்குமேல் அவைதான். இதற்கு மேல் கம்பெனிகள் நன்றி சொல்லி அனுப்பும் தகர டப்பாக்கள். டீ இடைவேளையில் தட்டில் கொட்டி வரிசையாக நீட்டப்படும். கையெழுத்து வாங்கும் மேசையில் ஒரு கிண்ணம். கை கழுவும் இடத்தில்கூட, சோப்புக்குப் பக்கத்தில், யாரோ வைத்த ஒரு கிண்ணம்.

டாக்டரம்மாவால் இனிப்பில் ஒன்றைச் சாப்பிட்டு நிறுத்த முடியாது. 'ஆசை அதிகம்' என்று இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆசை எல்லாருக்கும் இருக்கிறது என்பார். அவருக்கு இருந்தது வேறு. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தாள் பிரிக்கும் சத்தம் வெளியே கேட்காதபடி சாப்பிட்டிருக்கிறார். மகள் பள்ளியில் பரிசாக வாங்கி வந்த டப்பாவைத் தாமே முடித்துவிட்டு, கடை கடையாகத் தேடி அதே டப்பாவை வாங்கி வந்து, வழியில் அதையும் முடித்திருக்கிறார். வயிறு வலித்துப் படுத்த இரவுகளில், வலி குறைந்ததும் எழுந்துபோய் மறுபடி சாப்பிட்டிருக்கிறார். எந்த ருசியும் நினைவில் இல்லை. தாள்களை எங்கே ஒளித்தோம் என்பது மட்டும் நினைவில் இருக்கிறது.

"எல்லாரும் ஒண்ணை எடுத்துட்டு டப்பாவை மூடுறாங்க. எப்படி மூடுறாங்கன்னு பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். எனக்கு அந்த மூடி வச்சுப் பண்ணலை, அவ்ளோதான்."

கூடத்துச் சூப்பர்வைசரை அவர் ஓர் அதிசயமாகவே பார்க்கிறார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். அவர் மேசை இழுப்பறையில் ஒரு சாக்லேட் இருக்கிறது. பாதி தின்று, மீதியைத் தாளோடு மடித்து வைத்திருக்கிறார். மடித்து மூன்று வாரமாகிறது. "மறந்துட்டாராம்" என்று டாக்டரம்மா குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். கம்பி மேல் நடப்பவனைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கிறது. "பாதியில வச்சுட்டு மறந்துட்டாராம்."

இரண்டு வருடத்துக்கு முந்தைய சர்க்கரை வாரத்தில் இந்த மேசையில் ஒன்று நடந்தது. மூலை கிழிந்து வந்த ஒரு சாக்லேட் பெட்டி. யாருக்கோ யாரோ அனுப்பியது. உள்ளேயிருந்து ஆறு உருண்டைகளை டாக்டரம்மா எடுத்துச் சாப்பிட்டார். பிறகு சேதத் தாளில், வழக்கமாக எழுதுகிற அழகான கையெழுத்தில், 'வரும்போதே குறைவு' என்று எழுதி, ஒட்டி, அனுப்பிவிட்டார். ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருக்கவும் வழியில்லை. மறுநாள் காலை சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று தாமே சொன்னார்.

"அது குறைஞ்சு வரலை சார். நான்தான்."

வேலை போயிருக்கும். பதினாறு வருடப் பேர் காப்பாற்றியது. ஆனால் மேசையிலிருந்து எடுத்து, மாடியில் லேபிள் அச்சடிக்கும் அறையில் போட்டார்கள். சன்னல் இல்லாத அறை. நாள் முழுக்க மெஷின் துப்பும் லேபிளைக் கிழித்து அடுக்க வேண்டும். சென்ற வருடத்துச் சர்க்கரை வாரம் முழுவதும் அங்கேதான் கழிந்தது. "பாதுகாப்பான இடம்தான். மிட்டாய் வாசமே வராது. ஆனா அங்க ஒண்ணும் குணமாகிறதில்ல" என்பது அந்த அறையைப் பற்றி அவர் சொல்வது.

இந்த வருடம் அவராகவே கேட்டார். சர்க்கரை வாரம் ஓய்ந்த பிறகு திரும்பலாமே என்றார் சூப்பர்வைசர். இல்லை, வாரம் ஆரம்பிக்கும்போதே வேண்டும் என்றார் இவர். ஓய்ந்த பிறகு யார் வேண்டுமானாலும் நிற்கலாம். "இந்த வாரம் முடியட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார் சூப்பர்வைசர். முடிவில் மேசை அவருக்கு நிலைக்கும்; அல்லது லேபிள் அறை நிலைக்கும். கூடம் முழுக்க இது தெரியும்.

நிபந்தனைகளை விதித்தவர் டாக்டரம்மாவேதான். ஒன்று, தராசின் முகம் வெளியே பார்த்து இருக்க வேண்டும். அதனால் எண்ணை வாசிக்க ஒவ்வொரு முறையும் மேசையைச் சுற்றி மறுபக்கம் போகிறார். ஒரு நாளைக்கு அறுபது சுற்று வரும். "ஏன்க்கா செக்குமாடு மாதிரி சுத்துறீங்க, தராசைத் திருப்பிக்கலாம்ல?" என்று கொம்பன் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். இரண்டு, கிழிந்த பெட்டி எதுவானாலும் பெல்ட் முனையில் உள்ள வேறொரு தராசில் கொம்பன் எடை பார்த்து, மார்க்கரால் பெட்டி மேல் எண்ணை எழுதித்தான் மேசைக்கு அனுப்ப வேண்டும். வரும்போது என்ன எடை, போகும்போது என்ன எடை என்று வழியில் போகிறவர்கூடப் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதை யாரிடமும் சொல்லவில்லை; பார்த்தால்தான் தெரிகிறது. பெட்டியைத் திறக்கும் முன், லேபிளில் உள்ள பெயரைச் சத்தமாக வாசிக்கிறார். பெறுபவர் பெயர், தெரு, கதவு எண். வாசித்துவிட்டு, "உங்களுதுதான், நான் தொடலை" என்பதுபோல் ஒரு தலையசைப்பு. பிறகுதான் கத்தி.

தைலம் அவருடைய நான்காவது ஏற்பாடு. கூடத்தில் பாதிப் பேர் அவருக்குத் தீராத ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வழிகளில் சிலவற்றைச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கற்றுக்கொண்டார். நூலகத்தின் மாடியில் எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். சாப்பாட்டை நிறுத்தத் தெரியாதவர்கள் வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்து, உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிற இடம். "ஊர்லயே டீயோட பிஸ்கட் தராத கூட்டம் எங்களுதுதான்" என்று பெருமைப்படுகிறார். அங்கே கிடைத்தவர் மீன்கடை அண்ணன். பதினொரு வருடமாகத் தாக்குப் பிடித்திருப்பவர். மீன்கடை வைத்ததற்குக் காரணம் கேட்டால், அந்த நாற்றத்தில் கேக் நினைப்பு வராது என்பார். தினமும் மாலை மூன்று ஐம்பதுக்கு, டீத் தட்டு கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது, டாக்டரம்மா அவருக்குப் போன் போடுவார். பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட போனை எடுத்து, "சொல்லு தங்கச்சி" என்பார் அவர். பின்னால் கத்தி வெட்டும் சத்தம் கேட்கும். ஒரு நிமிடப் பேச்சுதான். காலையில் என்ன சாப்பிட்டேன், மதியம் என்ன சாப்பிட்டேன், இரவு என்ன சாப்பிடப் போகிறேன். மூன்று வேளை, எடை போட்ட சாப்பாடு, நடுவில் தண்ணீர்.

சாப்பாட்டை எடை போடுவார். தம்மை எடை போடுவதில்லை. இரண்டு வருடமாகப் பார்த்ததே இல்லை. எண்ணுவது நாட்களை மட்டும். அதற்கு ஒரு வேடிக்கையான கணக்கு வைத்திருக்கிறார். ஒரு டேப் தீர்ந்ததும், நடுவில் மிஞ்சும் அட்டை வளையத்தின் உட்பக்கம் அன்றைய நாள் எண்ணை எழுதி, மேசைக்கு மேலே கொக்கியில் மாட்டுகிறார்; மாடியில் லேபிள் சுருள்களில் சேர்த்த வளையங்களும் அதே கொக்கியில்தான். நடுவில் ஒருமுறை, மகள் பிறந்தநாள் கேக்கின் முன், எல்லாம் கவிழ்ந்தது. அந்த வளையங்களையும் கழற்றவில்லை. ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறார். சர்க்கரை வாரத்தின் கடைசி நாளன்று காலை அவர் சொன்ன எண் நானூற்றுப் பன்னிரண்டு.

"நானூறு நாளா ஆளு கொஞ்சமும் குறைஞ்ச மாதிரி தெரியலையேக்கா" என்றார் கொம்பன்.

"குறைஞ்சது உள்ள. வெளிய லேபிள் ஒட்டலை."

வீட்டில் கணவர் குழாய் வேலை செய்பவர். இவருக்காக வீட்டில் இனிப்பே வைப்பதில்லை. ஆனால் அவருக்கும் நாக்கு இருக்கிறது. கருவிப் பையில், ஸ்பேனருக்கு அடியில், நாலைந்து மிட்டாய் எப்போதும் கிடக்கும். டாக்டரம்மா மூக்குக்கு அது தெரியும்; தெரியும் என்று கணவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் மிட்டாயைத் தெரு முனையிலேயே தின்று முடித்து, வாசல் குழாயில் மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டுத்தான் கதவைத் தட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அது ஏதோ சுத்தப் பழக்கம். மகள் மட்டும் ஒருநாள் போட்டு உடைத்தாள். "அம்மா, அப்பா குடிச்சிட்டு வர்றவங்க மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு மிட்டாய் சாப்பிடுறார்." சொல்லிவிட்டு அம்மாவும் மகளும் சிரித்த சிரிப்பில் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டாராம்.

விருந்தாளிகள்தான் கஷ்டம். இந்த நாட்களில் அதிகம் கேட்கும் வாக்கியம், 'ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டா என்ன ஆயிடப்போகுது'. நாத்தனார் ஒருத்தி தட்டை மூக்குக்கு நேரே நீட்டி, "சர்க்கரை வியாதியா அண்ணி?" என்று கேட்டாள். "ஆமாம்மா. வேற மாதிரிச் சர்க்கரை வியாதி" என்று சொல்லித் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டார். மகள் அந்தத் தட்டை வாங்கி, அத்தை கையில் ஒரு மிட்டாயைத் திணித்து, "நீங்க சாப்பிடுங்க அத்தை, எங்கம்மா நானூறு நாளா ஜெயிச்சிட்டு இருக்காங்க" என்றாளாம். இதைச் சொல்லும்போது மட்டும் டாக்டரம்மா டேப் ஒட்டுவதை நிறுத்தினார்.

கடைசி நாள் என்பதால் கதவுகளில் லாரிகள் இரட்டை வரிசையில் நின்றன. மாலை ஆறுக்குள் கூடம் காலியாக வேண்டும். கொம்பன் இரண்டு மணியிலிருந்து எடை எழுத மட்டும்தான் வண்டியை விட்டு இறங்கினார். மூன்றரைக்கு ஒரு கேஸ் வந்தது. பழைய செருப்புப் பெட்டி. அதன் மேல் பூப்போட்ட தாள் சுற்றி, நூல் கட்டி அனுப்பியிருந்தார்கள். தாள் கிழிந்து, நூல் அறுந்து, ஒரு பக்கம் வாய் பிளந்து கிடந்தது. டாக்டரம்மா லேபிளை வாசித்தார். தலையசைத்தார். மூடியைத் திறந்தார்.

வீட்டில் செய்த சாக்லேட். கடைச் சாக்லேட்டின் வாசத்தைத்தான் தைலம் தடுக்கும். இதில் ஆரஞ்சுத் தோலும் வெண்ணெயும் கலந்து, தைலத்தைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறியது. அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தது தெரிந்தது. ஒவ்வொரு துண்டும் தாளில் சுற்றியிருந்தது. சில நீலத் தாளில், சில சிவப்பில். மேலே கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். குழந்தைக் கையெழுத்து.

'அத்தைக்கு நீலம் பன்னிரண்டு. மாமாவுக்குச் சிவப்பு ஆறு. மாமா அத்தையோடதை எடுக்கக் கூடாது. நாங்களே செஞ்சது.'

கையுறை போட்ட விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். சிவப்பு ஆறு. நீலம் பத்து. மறுபடி எண்ணினார். பத்து.

பெட்டியைத் தராசில் வைத்து, மேசையைச் சுற்றிப் போய் எண்ணைப் பார்த்தார். லேபிளில் அனுப்பிய இடத்து எடை அச்சாகியிருந்தது. அதற்கு இப்போது முப்பது கிராம் குறைவு. சரி, வழியில் குறைந்திருக்கிறது. கொம்பன் எழுதிய எண்ணைப் பார்க்கப் பெட்டியைத் திருப்பினார். நான்கு பக்கமும் திருப்பினார். அடியிலும் பார்த்தார். எண் இல்லை. கடைசி நாள் அவசரத்தில் கொம்பன் எடை போடாமலே அனுப்பிவிட்டார்.

பத்து நாளில் அந்த எண் இல்லாமல் வந்த பெட்டி இது ஒன்றுதான். இரண்டு துண்டு குறைந்தது வழியிலா, மேசையிலா என்று சொல்ல வேண்டிய ஒரே சாட்சி அந்த எண். இரண்டு வருடத்துக்கு முன் பொய்யாக எழுதிய அதே இரண்டு சொற்களை இப்போது உண்மையாக எழுத வேண்டும். யார் நம்புவார்?

அதைவிட மோசமான ஒன்று அப்போது மனதுக்குள் பேசியதாக அன்று மாலை அவரே சொன்னார். "எப்படியும் உன் மேலதான் சொல்லப் போறாங்க. குறைஞ்சது குறைஞ்சதுதான். இன்னும் ரெண்டு குறைஞ்சா யாருக்குத் தெரியப் போகுது?" என்றதாம். "நல்ல இனிமையான குரல்ல பேசுச்சு. ரொம்பப் பழக்கமான குரல்."

கைகளை மேசையிலிருந்து எடுத்து, மேல்சட்டையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தார். மூன்று ஐம்பதுக்கு இன்னும் நேரமிருந்தது. மீன்கடை அண்ணனுக்கு மணி போய்க்கொண்டே இருந்தது. விடுமுறைக்கு முந்தைய நாள்; கடையில் கூட்டம் நெரிந்திருக்கும். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

மேசை ஓரத்தில் ஒரு மணிப் பொத்தான் உண்டு. சந்தேகம் வந்தால் சூப்பர்வைசரை அழைக்க. பதினாறு வருடத்தில் அவர் அதை அழுத்தியதே இல்லை என்பது கூடத்தில் ஒரு பெருமைக் கதை. சந்தேகம் வருகிறவருக்குத்தானே மணி. அதன்மேல் தூசு படிந்திருந்தது. டாக்டரம்மா அதை அழுத்தினார். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றார்.

பக்கத்துப் பெல்ட்டில் கைகள் நின்றன. சூப்பர்வைசர் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். டாக்டரம்மா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்து மூன்றடி தள்ளி நின்றிருந்தார்.

"ரெண்டு குறையுது சார். நீலத்துல."

"ம்."

"வரும்போதே குறையுது."

சூப்பர்வைசர் பெட்டியைப் பார்த்தார். குழந்தையின் தாளை வாசித்தார். பெட்டி மேல் மார்க்கர் எண் இருக்கிறதா என்று திருப்பினார். இல்லை என்று தெரிந்துகொண்டார். நிமிர்ந்து டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார். தைலத்தால் கலங்கிய கண். டாக்டரம்மா பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்களோ அதை எழுதுங்க" என்றார் சூப்பர்வைசர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தந்தார்.

டாக்டரம்மா எழுதினார். கையெழுத்து முதல் தடவையாகக் கோணிப்போனது. சூப்பர்வைசர் தாளை வாங்கிப் படித்துப் பார்க்காமல் கீழே கையெழுத்துப் போட்டார். அவர் பேனாவை மூடுவதற்குள் கொம்பன் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்தார். மணிச் சத்தம் கேட்டதும் தாம் என்ன மறந்தோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, என் தப்புக்கா. மூணு லாரி ஹாரன் அடிச்சிட்டே நிக்குது, மறந்தே போச்சுக்கா." சொல்லிக்கொண்டே தரையில் குப்புறப் படுத்து, பெல்ட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தார். அந்தத் தலையை வெளியே இழுக்கச் சொல்லி இரண்டு பேர் கத்தினார்கள். ஒருவர் ஓடிப்போய்ப் பெல்ட்டை நிறுத்தினார். கூடம் பத்து நாளில் முதல் முறையாக அமைதியானது. உருளைகளுக்கு நடுவிலிருந்து கொம்பன் குரல் மட்டும் வந்தது.

"டாக்டரம்மா, ஒரு நோயாளி இங்க செத்துக் கிடக்கான்."

வெளியே வந்தபோது முழங்கை வரை கிரீஸ். விரல்களுக்கு நடுவில் நீலத் தாளோடு சேர்த்துத் தோசைபோல் நசுங்கிய ஒரு துண்டு. இன்னொன்று கிடைக்கவில்லை. "அதைப் பெல்ட் தின்னுடுச்சு" என்றார் கொம்பன்.

"அதுக்கும் மூடி கிடையாது போல" என்றார் டாக்டரம்மா. அவர் சிரித்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

விழுந்ததைத் திரும்ப வைக்கக் கூடாது என்பது விதி. நசுங்கிய துண்டு குப்பைக்குப் போனது. மீதிப் பதினாறையும் டாக்டரம்மா புதுப் பெட்டியில் அடுக்கினார். நீலம் ஒரு வரிசை, சிவப்பு ஒரு வரிசை, நடுவில் பபுள் ஷீட். பூப்போட்ட தாளின் கிழியாத பகுதியை வெட்டி மூடிமேல் சுற்றினார். அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டார். குழந்தையின் தாளை மேலே வைத்தார். மூடப் போனவர் நிறுத்தி, சேதத் தாளின் நகலை எடுத்து, 'குறிப்பு' என்ற இடத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்தார்.

'நீலத்தில் இரண்டு வழியில் விழுந்துவிட்டன. மாமா எடுக்கவில்லை.'

சூப்பர்வைசர் அதை வாசித்தார். விதிப்படி அந்த இடத்தில் அப்படி எழுதக் கூடாது. நகலை அவரே மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

போன் அடித்தது. "தங்கச்சி, கூப்பிட்டியா? கடையில மூச்சு விட முடியலை. என்னாச்சு?" என்று மீன்கடை அண்ணன் குரல் பதறியது.

"கூப்பிட்டேன் அண்ணே. இப்ப கேஸ் பார்த்துட்டு இருக்கேன், அப்புறம் பேசுறேன்."

டீத் தட்டு வந்து, மேசையைத் தாண்டிப் போனது. அதில் என்ன இருந்தது என்று அவர் பார்க்கவில்லை. பெல்ட் மறுபடி ஓடத் தொடங்கியது. சூப்பர்வைசர் உடனே கிளம்பவில்லை. தராசை இரண்டு கைகளாலும் பிடித்து, அதன் முகத்தை மேசைப் பக்கமாக, டாக்டரம்மா நிற்கும் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இனிமே இப்படியே இருக்கட்டும். எடை எழுதி அனுப்புறதும் வேணாம். மேசை உங்களுது."

"சரி சார்" என்றார் டாக்டரம்மா. தைல டப்பாவை எடுத்து, தேவையில்லாமல் இன்னொரு முறை பூசிக்கொண்டார்.

சூப்பர்வைசர் படியேறிப் போனார். அடுத்த கேஸ் பெல்ட்டில் உருண்டு வந்துகொண்டிருந்தது; இந்த முறை அதன் நெற்றியில் கொம்பனின் எண் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக எழுதியிருந்தது. டாக்டரம்மா அந்தப் பெட்டியை இன்னும் தொடவில்லை. தராசைப் பிடித்து, அதன் முகத்தை மெல்ல, ஆட்கள் நடக்கும் வழியைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.